கொடிக்கு அந்தப் பக்கம் போன எலுமிச்சம்பழம்

போன வாரம் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் புது ரிக் லாரி ஒன்றுக்குப் பூஜை. டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கி, சாறு என் வேட்டியில் தெறித்தது. அந்த வாசனைக்கு எனக்குப் பற்கள் கிடுகிடுத்தன. நாற்பது டிகிரி வெயிலில் ஒரு மனிதர் குளிரில் நடுங்கினால் ஊர் என்ன நினைக்கும்? நகர்ந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எண்பதுகளில் ஒரு கோடைக்காலம் நான் அண்டார்க்டிகாவில் வேலை பார்த்தேன். வெண்ணந்தூர்க்காரனுக்கு அங்கே என்ன வேலை என்றால், காவல். பெங்குவின்கள் கூடு கட்டும் பாதுகாக்கப்பட்ட பகுதியைச் சுற்றிச் சிவப்புக் கொடிகள். அனுமதிச் சீட்டில் பெயர் உள்ளவர் மட்டும் உள்ளே போகலாம். அவரோடு விதை, பழம், முட்டை எதுவும் போகக்கூடாது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்து ஆளைத்தான் முட்டையைத் தடுக்க நிறுத்தியிருந்தார்கள்.

உள்ளே ஏரிக்கரையில் ஆராய்ச்சிக்காகத் துளையிட வந்தவர் பழனிசாமி, திருச்செங்கோட்டு ரிக்காரர். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கப்பலேறியவர். துளை போடாமல் திரும்பினால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க முடியாது. அவருடைய தேங்காயைக் கப்பலிலேயே பறித்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று மட்டும் எப்படியோ கோட்டுப் பைக்குள் தப்பியிருந்தது.

"ஏனுங்க, பழம் வெக்காம மிஷினைக் கிளப்புனா தொளை போடற பிட்டு பாறையில மாட்டிக்குமுங்க."

"கொடிக்கு வெளியில வெச்சுக்க. உள்ள ஒரு விதை உழுந்தாலும் பர்மிட்டு ரத்து. நாளைக்கே கப்பல்ல ஏத்திருவாங்க."

ரிக்கை ஏற்றியிருந்த சறுக்குவண்டிக்கு முன்னால் பழத்தை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பழம் அதற்குள் உறைந்து கல்லாகியிருந்தது. பெங்குவின்கள் கூடு கட்டுவதோ கற்களால். ஒன்று ஆடி ஆடி வந்தது, பழத்தை அலகில் கவ்வியது, கொடியைத் தாண்டி உள்ளே போய்க் கூட்டில் பதித்துவிட்டது.

"ஐயோ! நீங்க போயி எடுங்க!"

"எம்பேரு பர்மிட்டுல இல்லீப்பா."

"காவலுக்கு நிக்கறவருக்கே பர்மிட்டு இல்லீங்களா? அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு மட்டும் வாங்கிட்டாருங்களா?"

சீட்டை விரித்து அவர் பெயரைக் காட்டினேன். பெயர் உள்ள பழனிசாமியே உள்ளே போனார். ஆனால் கூட்டை நெருங்கக்கூடாது, பறவையைத் தொடக்கூடாது. தள்ளி நின்று கைகூப்பினார்.

"சாமி, அது கல்லில்ல சாமி. என்ற பழத்தைக் குடுத்துரு சாமி. ஊருல மானம் போயிரும்."

சாமி முதுகைத் திருப்பிக்கொண்டது.

நல்லவேளை, பெங்குவின்களிடமும் பங்காளிச் சண்டை உண்டு. பக்கத்துக் கூட்டுக்காரர் பழத்தைத் திருட வந்தார். இறக்கையால் அடித்துக்கொண்டார்கள். பழம் சரிவில் உருண்டு வந்து கொடிக்கு உட்புறம் ஒரு சாண் தூரத்தில் நின்றது. என் வலது கை தானாக நீண்டது. கை நுழைந்தாலும் நுழைவுதான் என்பது விதி. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

"நல்ல ஆபீசருங்க நீங்க," என்று பழனிசாமி வந்து பழத்தை எடுத்தார். கொடிக்கு வெளியே வண்டி ஏறி நசுக்கியது. தோல், சாறு, விதை எல்லாவற்றையும் பனியோடு சுரண்டிப் பைக்குள் கட்டியவன் நான். உள்ளே பிட்டு எங்கும் மாட்டாமல் இறங்கியது. திருச்செங்கோட்டில் அவர் அதைச் சொல்லாத டீக்கடை இல்லை.

பழனிசாமி இன்று இல்லை. அண்மையில் அங்கே போய்வந்த ஒருவரிடம் அந்தக் கொடிகளைப் பற்றிக் கேட்டேன். கொடி நட்டிருந்த பனியே இல்லையாம், வெறும் பாறையாம். பெங்குவின்களும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டனவாம். ஓர் எலுமிச்சை விதையை உள்ளே விடாமல் காத்தவன் நான். வெயில் எந்தச் சீட்டும் காட்டாமல் நேராக உள்ளே போயிருக்கிறது.