நடுவில் மட்டும் கேட்கவில்லை

மைக் செட் வேலைக்கு வரும் தம்பிகள், சத்தம் போதவில்லை என்றால் உடனே வால்யூமைத் திருகுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். காஜா பெராங்கில் நடந்த ஒரு கூட்டத்தோடு அந்தப் பழக்கம் போயிற்று.

நம் மக்கள் கடல் கடந்து வந்து குடியேறிய இந்த நாடு சுதந்திரம் அடையவிருந்த சமயம். குடியுரிமைக்கு எப்படி மனுச் செய்வது, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று நம் மக்களுக்கு விளக்க, ஒரு ஞாயிறு மாலை திடலில் கூட்டம் போட்டார்கள். ரப்பர் தோட்டத்து ஆட்கள் லோரியில் வந்து நடுவில் உட்கார்ந்தார்கள். டவுன் ஆட்கள் இரு பக்கமும் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் லோரி திரும்பிவிடும். தோட்டத்து ஆட்கள் இன்னொரு முறை வருவது நிச்சயமில்லை.

மதியம் பெய்த மழையால் எங்கள் வேலை தாமதமாகிவிட்டது. வழக்கமாக இரண்டு ஹாரன் ஒலிபெருக்கிக்கும் ஒருவரே ஒயர் கொடுப்போம். அன்று மேடைக்கு இடப்பக்கம் நான், வலப்பக்கம் என்னோடு வேலை செய்த ஹனிபா என்று ஆளுக்கொன்றாகக் கட்டினோம்.

பேச்சு தொடங்கியதும் நடுவில் இருந்தவர்கள் காதருகே கையைக் குவித்தார்கள். எங்கள் மைக் செட் கடை முதலாளி வால்யூமைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். ஓரத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நடுவிலோ, டின்னுக்குள் யாரோ பேசுவதுபோலச் சன்னமாகத்தான் கேட்டது. பெரியவர் ஒருவர் எழுந்து லோரியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அவர் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள்.

ஏற்பாட்டாளர்கள் எங்களைத் திட்டினார்கள். அவர்களில் ராஜம் டீச்சர் மட்டும் கூட்டத்துப் பக்கம் திரும்பினார். பெண்கள் பள்ளியில் சயன்ஸ் நடத்தியவர். எங்கள் வயதுதான் இருக்கும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை கூட்டத்துக்குள் நடந்தார். நடுவுக்குத் திரும்பி வந்து நின்று கேட்டார். பிறகு நேரே எங்களிடம் வந்தார்.

"ஒரு ஹாரன கழட்டுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா டீச்சர், கேக்கலங்கிறாங்க. இருக்கிறதையும் கழட்டச் சொல்றீங்க?"

"கழட்டித்தான் பாருங்களேன்."

ஆம்பிளிஃபயரை அணைத்து, ஹனிபா கட்டிய ஹாரனைக் கழற்றிவிட்டு ஆம்பிளிஃபயரை மறுபடி போட்டேன். நடுவில் இருந்தவர்கள் காதிலிருந்து கையை எடுத்தார்கள். இரண்டு ஹாரனில் கேட்காதது ஒன்றில் கேட்டது. ஆனால் இப்போது வலப்பக்கத்து ஆட்கள் கேட்கவில்லை என்று கத்தினார்கள்.

"சரி, கழட்டின ஹாரனோட ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி மாட்டுங்க" என்றார் டீச்சர்.

மாட்டினேன். திடல் முழுக்கப் பேச்சு தெளிவாகப் போயிற்று. லோரிப் பக்கம் போன பெரியவர் திரும்பி வந்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். பேச்சாளரும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து சொன்னார்.

கூட்டம் முடிந்து எல்லாவற்றையும் கழற்றிக் கட்டும்போதுதான் காரணம் தெரிந்தது. எங்கள் ஒயர் இரண்டும் ஒரே நிறம். அடையாளத்துக்கு நான் பிளஸ் ஒயரில் முடிச்சுப் போடுவேன். ஹனிபா மைனஸில் போடுவார். ஒருவரே கட்டியவரை அதனால் வம்பில்லை. அன்று இரண்டு முடிச்சையும் பிளஸ் என்று நினைத்து ஆம்பிளிஃபயரில் மாட்டிவிட்டேன்.

"ஒருத்தன் வான்னா இன்னொருத்தன் போன்னிருக்கான்" என்றார் ஹனிபா.

"அதேதான் பாய்" என்று டீச்சர் சிரித்தார். "சத்தம் அலையா வருது. ஒண்ணோட மேடும் இன்னொண்ணோட பள்ளமும் ஒரே இடத்துல சேந்தா சமமாயிடும். நடுவுல இருக்கிறவங்களுக்கு ரெண்டு ஹாரனும் ஒரே தூரம். அதான் அங்க ஒண்ண ஒண்ணு அழிச்சிருக்கு."

அப்போது லோரி புறப்பட்டது. அதில் பின்னால் நின்ற ஒரு அம்மா பிறப்புப் பத்திரத்தைப் பற்றிக் குரல் கொடுத்தார்: "டீச்சர், பொறந்த சூராட்டு இல்லாட்டியும் போயி கேக்கணும், வுட்றக்கூடாது, அதானே?"

"அதேதான்மா."

லோரி நின்ற இடத்தில், மழைத் தண்ணீரின்மேல் எண்ணெய் பரவி வானவில் மாதிரி மின்னியது. தினமும் பார்ப்பதுதான், எண்ணெயின் நிறம் என்று நினைத்திருந்தேன். வெளிச்சமும் அலைதான் என்றார் டீச்சர். எண்ணெயின் மேற்பக்கம் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேரும்போது, சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோமாம். எங்கள் ஹாரனில் நடந்ததே காலடியிலும் நடந்துகொண்டிருந்தது. அன்று நான் அந்தக் குட்டையை விட்டு நகரவே இல்லை.

மறுநாளிலிருந்து கடையில் முடிச்சு பிளஸில் மட்டும்தான். இன்னொன்றும் பழகிக்கொண்டேன். நான் கூச்ச சுபாவம்; ஆம்பிளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதே எனக்குச் சௌகரியம். இருந்தாலும் எந்தக் கூட்டமானாலும், பேச்சு தொடங்கியதும் எழுந்து அத்தனை பேர் பார்க்க நடு வரிசைவரை நடந்துபோய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். வால்யூமில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.