சித்தப்பாவுக்கு நீட்டிய நீலச் சட்டை

உலகக் கிண்ண இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதுகூட, நடுவில் ஒரு மாடு குறுக்கே வராதா என்று எனக்கு இருக்கும். நான் உதைபந்தாட்டம் பார்க்கப் பழகிய மைதானம் அப்படி. அடம்பன் என்ற சிற்றூருக்கு அப்பால், வயலைத் தவிர வேறெதுவும் கண்ணுக்கு எட்டாத வெளியில், ஒரு கல்லூரியும் அதைச் சுற்றி நாலைந்து கடைகளும் உள்ள ஊர் அது. ஆட்டம் இல்லாத நேரத்தில் மாடுகள் கல்லூரி மைதானத்தில் மேயும். ஆட்டம் நடக்கும் நேரத்திலும் அவை அதைப் பெரிதாக மதிப்பதில்லை. இதற்குமேல் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வேறு. பந்தை உதைப்பது ஒருவர், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று.

சண்டை முடிந்து தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் ஊர் கடற்கரையில் இருந்தது. ஆனால் நாங்கள் குடியேறியது இந்த வயல்வெளியில், அம்மாவின் சீதனக் காணியில். அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் எங்களோடு வந்தார். பத்து வயதில் வள்ளம் ஏறிப் போனவர் முப்பது வயதில் திரும்பியிருந்தார். முகாம் அணியில் அவர்தான் முன்வரிசை ஆட்டக்காரர். என் கண்ணுக்கு உலகத்திலேயே சிறந்தவர். வேறு யாரையும் நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

முகாமில் எங்களை ‘சிலோன்காரங்க’ என்றார்கள். இங்கே வந்தால் ‘இந்தியாக்காரர்’ என்றார்கள். ஊர் அணியில் சித்தப்பாவைச் சேர்த்துக்கொள்ள மூன்று மாதம் எடுத்தது. அதுவரை, முப்பது வயது மனிதர், கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தார். அறுவடைக்குப் பிறகு நடந்த ஊர்களுக்கிடையிலான போட்டியில்தான் இடம் கிடைத்தது. அதிலும் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. சொந்த ஊர் ஆட்களை மட்டுமே இறக்கலாம். வெளியாள் ஒருவர் ஆடினாலும் அந்த அணி வெளியே.

இறுதி ஆட்டத்துக்கு எதிரணியாக வந்தது, வேறு எது, அப்பாவின் கடற்கரை ஊர்தான்.

இடைவேளைக்கு முன்பே சித்தப்பா ஒரு கோல் போட்டுவிட்டார். அவர்களும் ஒன்று போட்டார்கள். நான் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். இடைவேளையில் அறிவிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்தப் பிள்ளை கத்துற கத்துக்கு எனக்கு மைக்கே தேவையில்லை. இஞ்ச வா பிள்ளை. எந்த ஊர் நீ?”

முகாமில் பிறந்த எங்களுக்கு ஊரை மனப்பாடம் செய்து தந்திருந்தார்கள். யார் கேட்டாலும் முகாமை ஊரென்று சொல்லக் கூடாது. ஊர்ப் பெயர், கோயில், அப்பப்பாவின் பெயர், அவர் வள்ளத்தின் நிறம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்க வேண்டும். நான் கண்ணால்கூடப் பார்த்திராத அந்தக் கடற்கரை ஊரை ஒலிபெருக்கியில் முழுதாக ஒப்புவித்தேன். அதோடு விட்டேனா? “கோல் போட்டது என் சித்தப்பா. அவரும் அந்த ஊர்தான்!” என்றும் சேர்த்தேன்.

எங்கள் அணித் தலைவர் தலையில் கை வைத்ததைக் கண்டபிறகுதான் விதி ஞாபகம் வந்தது. ஆட்டம் போகும், சித்தப்பாவின் இடம் போகும், மறுபடியும் பந்து பொறுக்க வேண்டியதுதான்.

கடற்கரை அணியைக் கூட்டிவந்த பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். மத்தியஸ்தராக நின்ற கல்லூரி ஆசிரியர் சித்தப்பாவை அழைத்தார். பெரியவர் சித்தப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“சிவப்பு வள்ளக்காரற்ற கடைசிப் பெடியனோ நீ?”

“ஓம் ஐயா.”

“உன்ர கொப்பரோட ஒரே வள்ளத்தில தொழிலுக்குப் போனனான்.” அவர் மத்தியஸ்தரிடம் திரும்பினார். “சேர், எனக்கு முறைப்பாடு ஒண்டுமில்லை. ஆளை எங்களிட்டத் தாங்கோ. மிச்ச ஆட்டம் எங்களுக்கு ஆடட்டும்.”

பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் அணித் தலைவர் பாய்ந்து வந்தார்.

“அதெப்படி? அவர் எங்கட ஆள்! கிணறு வெட்டேக்க எங்களோட நிண்டு மண் சுமந்தவர்.”

“ரத்தம் எங்கடையல்லோ!”

“வேர்வை எங்கட மண்ணிலதானே!”

இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது. மத்தியஸ்தர் விசிலை ஊதி ஊதிக் களைத்துப்போய், “தம்பி, இனி நீர்தான் சொல்லவேணும்” என்றார்.

சித்தப்பா அந்த நீலச் சட்டையை வாங்கி, நெஞ்சில் வைத்துப் பார்த்தார். நான் கை தட்டினேன். மனப்பாடம் செய்த ஊரே நேரில் வந்து கூப்பிடுகிறதே! பிறகு அவர் அதை ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“குறை நினையாதேங்கோ ஐயா. இஞ்ச வீட்டுக்கு அத்திவாரம் போட்டிட்டன்.”

பெரியவர் சட்டையைப் பைக்குள் வைத்தார். பிறகு சித்தப்பாவின் தோளில் தட்டினார். “சரி, ஆடு. கோயில் திருநாளுக்கு மட்டும் வராமல் விட்டிடாத.”

இரண்டாம் பாதியில் அவர்கள் இன்னொரு கோல் போட்டார்கள். முடிவதற்குச் சற்று முன் எங்களுக்கு ஒரு தண்ட உதை, பெனால்டி, கிடைத்தது. உதைத்தவர் சித்தப்பா. பந்து கம்பத்துக்கு மேலால் போய், வயலில் நின்ற ஒரு பசுவைக் கலைத்தது. தோற்றோம்.

வீடு திரும்ப உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறினோம். சொந்த ஊரையும் விட்டார், ஆட்டத்தையும் விட்டார் என்று அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் அணிப் பையன்கள் அவர் அடித்த உதையைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். யாரும் ‘இந்தியாக்காரர்’ என்று சொல்லவில்லை. சித்தப்பாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“தோத்துட்டு ஏன் சித்தப்பா சிரிக்கிறீங்க?”

“ரெண்டு ஊர் எனக்காகச் சண்டை பிடிச்சதைக் கண்டனீதானே பிள்ளை?”

அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பெயர் பதிய ஒரு வரிசை, அரிசிக்கு ஒரு வரிசை என்று இருபது வருடம் நின்றவர் அவர். எந்த ஊரும் அவரைத் தன் ஆளென்று கேட்டு வந்ததில்லை. ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.