ரைட் அவுட்டுக்கு ஓர் ஆள்

மச்சினனை ஆட்டக்காரனாக வைத்துக்கொண்டு ஒரு டீமுக்குக் கேப்டனாக இருப்பதைப்போல தலைவலி பிடித்த உத்தியோகம் வேறு கிடையாது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அந்த உத்தியோகத்தைப் பார்த்தேன். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு.

திருவனந்தபுரத்தில் எங்கள் வீடு கோட்டைக்குள்ளே. நான் குமாஸ்தாவாக இருந்த சர்க்கார் ஆபீஸ் கோட்டைக்கு வெளியே. ஆபீசுக்கென்று ஒரு கால்பந்து டீம் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆடுவோம். நான் நடுவில் செண்டர் ஹாஃப். என் மனைவியின் தம்பி ரைட் அவுட். அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில் நின்று, நாங்கள் அனுப்பும் பந்தைக் காலில் வாங்கி, கோல் பக்கம் கொண்டுபோக வேண்டியவன். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆபீசில் ஆள் இல்லை. பந்துதான் அவன் காலில் நிற்காது. எவ்வளவு பதமாகத் தள்ளிவிட்டாலும் முழங்காலுக்குக் கீழே எங்கேயோ பட்டு, எதிராளிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுத்ததுபோலப் போய்ச் சேரும்.

இது வெறும் விளையாட்டாக இருந்தால் திட்டிவிட்டுச் சிரித்திருப்பேன். அவன் எங்கள் ஆபீசில் தற்காலிகமாகத்தான் வேலை பார்த்தான். கப் ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக சூப்பிரண்டு வாக்குக் கொடுத்திருந்தார். ஆடாவிட்டால் மாசக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்தில் மாமியார் இவன் ஒருவனை நம்பி இருந்தாள். ஆக, அந்த வலது ஓரம்தான் அவன் பிழைப்பு.

அதே இடத்துக்கு இன்னொருவனும் இருந்தான். கணக்குப் பிரிவில் இருந்த நாஞ்சில்நாட்டுக்காரன். கொஞ்சம் மந்தம், ஆனால் பந்தை வாங்கினால் விடமாட்டான். நியாயமாகப் பார்த்தால் அவனைத்தான் போட வேண்டும். என் மச்சினனைப் போட்டால் ஆபீஸ் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். போடாவிட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது. என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தொலைத்திருப்பேன். அவள் சாதத்தைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தினம் விடிந்ததும் அவனை மைதானத்துக்கு இழுத்துப் போய்ப் பந்தை எறிந்துகொண்டே இருப்பேன். அவனும் அலுக்காமல் ஓடி வாங்குவான், வாங்கி நழுவவிடுவான். தோல் பந்தைத் தொட்ட உடம்போடு வீட்டுக்குள் நுழைய என் அம்மா விடமாட்டாள். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடுதான் வரவேண்டும். அந்தத் தோலுக்குக் கொழுப்புத் தடவி வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேரையும் குளத்திலேயே குடியிருக்கச் சொல்லியிருப்பாள்.

கப் ஆட்டத்துக்கு முந்தின வாரம், ஆள் தேர்வுக்காகவே ஓர் ஆட்டம் வைத்தோம். சூப்பிரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மைதானத்தின் வலது பக்கத்தை ஒட்டியே ரஸ்தா. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எனக்கு ஒரு பந்து வாகாகக் கிடைத்தது. வலது ஓரத்தில் என் மச்சினன் தனியாக நின்றான்; அவனுக்கும் கோலுக்கும் நடுவே ஒரு பிராணி கிடையாது. கடவுளே என்று அவனுக்கு அடித்தேன்.

அப்போது பார்த்து ரஸ்தாவில் அரண்மனைக் கார் வந்தது.

கோட்டைக்குள் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அரண்மனை வண்டி வந்தால் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஒதுங்கி, தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்க வேண்டும். எங்களுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழகின பழக்கம்; எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மச்சினனுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆனாலும் ஆட்டத்தின் நடுவே எவனும் அப்படிச் செய்யமாட்டான். இவன் செய்தான். பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். இல்லாத துண்டைக் கை ஒரு கணம் தோளில் தேடியது. பிறகு கைகூப்பிக்கொண்டு நின்றான். நான் அனுப்பிய பந்து அவன் குதிகாலில் பட்டு ரஸ்தாவுக்கு உருண்டது. சிரிக்க ஆரம்பித்த கூட்டம், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று உறைத்ததும் அடங்கிவிட்டது. கார் போன பிறகுதான் கவனித்தேன், உள்ளே டிரைவரைத் தவிர யாருமில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அவன் குடுமியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இனி இவனை நீக்கினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் சூப்பிரண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மலையாளி, என்னோடு பேசும்போது பாதித் தமிழ் கலந்து பேசுவார்.

"அந்தப் பையனை மாத்தப்படாது, கேட்டோ. ராஜாவைத் தொழுதவனை டீமிலேர்ந்து தள்ளினான்னு எவனாவது பெட்டிஷன் எழுதினா என் உத்தியோகம் போகும்."

காரில் ராஜா இல்லையே என்றேன்.

"அது நீயும் நானும் பறயற, பேசற காரியமில்லை," என்றார்.

இப்படியாக அவனுக்கு இடம் கிடைத்தது. செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி பாயசம் வைத்திருந்தாள். எனக்கோ முன்னைவிடப் படபடப்பு. கப் ஆட்டத்தில் பந்து அவனிடம் போய்ப் போய் எதிராளியிடம் சேரும், பழி முழுக்க என் தலையில் விடியும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஆடிவிட்டுக் குளத்தில் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டான்: "அத்திம்பேர், அந்தக் கார் வரலைன்னா என்னைப் போட்டிருப்பேளா?"

முங்கினேன். எழுந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறான்.

"மாட்டேன்," என்றேன். "பந்து உன் கால்ல நிக்கலைடா."

"நேக்கும் தெரியும். கைகூப்பினதுக்காக ஒரு இடம் வேண்டாம். காலு சுளுக்கிடுத்துன்னு சொல்லிடறேன்."

வேலை போய்விடும், அம்மாவை நினைத்துப் பார், பைத்தியமா உனக்கு என்று குளம் என்றும் பார்க்காமல் கத்தினேன். கால் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சவும் செய்தேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு நடந்துவிட்டான். மறுநாள் காலில் பத்துப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு நொண்டியபடி ஆபீசுக்கு வந்தான். சூப்பிரண்டுக்கு உள்ளூர நிம்மதி. ஆனால் ஆடாதவனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

கப் ஆட்டத்தில் நாஞ்சில்நாட்டுக்காரன் ஆடினான், நன்றாகவே ஆடினான். என் மச்சினன் வலது ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே ஆடினேன். இடைவேளைக்குச் சற்று முன்னால் நான் வேகமாக அடித்த பந்து ஒன்று திசை தப்பி மேலே எழும்பி, அந்தக் கூட்டத்தை நோக்கி இறங்கியது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சிதறினார்கள். அவன் மட்டும் நகரவில்லை. துணி சுற்றிய காலைச் சும்மா நீட்டினான். பந்து அதில் வந்து உட்கார்ந்தது. துள்ளவில்லை, நழுவவில்லை. அதை இறக்கி, உள்ளே எறிவதற்காக ஓடிவந்த எதிர் டீம்காரனின் காலடிக்கு மெல்ல உருட்டிவிட்டான்.

அந்த ஆள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க என்னைக் கேட்டான்: "நிங்ஙளுடெ ஆளல்லே அது? எந்தா இறக்காத்தே?"

உங்கள் ஆள்தானே, ஏன் இறக்கவில்லை என்கிறான். மச்சினன் என்னைப் பார்க்கவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலத் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.