சென்சார் வயரில் ஒரு நாலுகால் பின்னல்

ஒன்பது வயதில் நான் ஒரு கார் எஞ்சினின் வயரிங்கைத் திருத்தியிருக்கிறேன். யாரும் கேட்காமலே செய்த உதவி அது. அந்த மாதிரி உதவிகளில் அப்போது என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அம்மா ஒரு எலக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் சிஃப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டமாரானில் எங்கள் வீட்டு முனைக்கு விடியுமுன்பே பெக்டரி பஸ் வந்துவிடும். பள்ளி விட்டு வந்தால் நான் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் இருக்க வேண்டும். நல்ல மனுஷிதான், ஆனால் சாயங்காலம் வரை டிவி நாடகம் ஓடும், நான் வாய் திறக்கக் கூடாது. அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நான் தினமும் அழுது அடம்பிடித்தேன். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தது மாமா. அம்மாவின் தம்பியான அவர், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் மெக்கானிக். முதலாளியை அங்கே தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் எஞ்சினை எடுத்துப் பழைய உள்ளூர்க் கார்களில் இறக்குவது அங்கே தொழில். எஞ்சின் மாறினால் வயரிங்கையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். பெக்டரியில் பதினொரு வருஷம் வயர் கட்டிய கை அம்மாவுடையது. அக்கா ஒன்று கட்டித் தரட்டும், பிடித்திருந்தால் எல்லா வேலையையும் அவளுக்கே கொடுங்கள், வீட்டிலிருந்தே செய்வாள் என்று மாமா தவுக்கேயிடம் பேசி முடித்தார். அந்த ஒரு வயரிங் ஒழுங்காக ஓடினால் போதும், அம்மா பெக்டரிக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு பிளைவுட் பலகை ஏறியது. பலகை முழுக்க ஆணி, ஆணிகளுக்கு நடுவே வயர். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அத்தனை வயரிலும் ஒரு சாம்பல் நிற வயருக்கு மட்டும் ராஜமரியாதை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் வயர் அது. அதில் ஓடுவது மிகச் சின்ன சிக்னல் என்பதால், பக்கத்து மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே புகாமல் இருக்க மெல்லிய வெள்ளிக் கம்பிகளால் ஆன வலை ஒன்று அதைச் சுற்றி இருந்தது. எனக்கு அந்த வலையின் மேல் ஒரு கண். அப்போதுதான் நாலுகால் பின்னல் போடக் கற்றிருந்தேன். தினமும் காலையில் அம்மா எனக்குப் போட்டுவிடும் பின்னல். ஜன்னல் திரைக் கயிறு, துண்டின் நூல், அம்மாவின் சேலைக் குஞ்சம் என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மாமா போன் செய்தார். தவுக்கேக்குச் சனிக்கிழமையே வேண்டுமாம். அம்மா பதறிப்போய்ப் பேசிக்கொண்டே வெளியே போனாள். நான் பலகையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பக்கத்து முனையில் வலையை முறுக்கி, கறுப்பு எர்த் வயரோடு சேர்த்திருந்தாள். சென்சார் பக்கத்து முனையில் அது அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அருகிலேயே இன்னொரு கறுப்பு வயர் தோல் உரித்த நிலையில் கிடந்தது. பாவம், அம்மா மறந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. தொங்கிய கம்பிகளை நாலாகப் பிரித்துப் பின்னி, கறுப்பு வயரில் சுற்றி, மேலே டேப்பும் ஒட்டினேன். எஞ்சின் ஓடும்போது சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்த அம்மா டேப்பைப் பார்த்தாள். அந்த அவசரத்தில், அதைத் தானே முடித்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். மேலே துணி டேப்பைச் சுற்றிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை பட்டறையில் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். தவுக்கே சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தார். சுற்று நாலாயிரத்தைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது, படபடவென்று வெடித்தது, அடங்கியது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் அதே இருமல். சென்சாரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், ஒரு மணி நேரம் போயிற்று. அவர் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மாமா ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அந்த வலைய ரெண்டு பக்கமும் எர்த் பண்ணிட்டியா?"

"இல்லடா. கம்ப்யூட்டர் பக்கம் மட்டுந்தான். ரெண்டு பக்கமும் கட்டினா அந்த வலையிலயே கரண்ட் ஓடும், அதுவே சத்தத்த உள்ள கொண்டாந்துரும். சென்சார் பக்கம் நானே எதுலயும் சேர்க்காம விட்டேன்."

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. "அம்மா" என்று ஆரம்பித்தேன். "சும்மா இரு" என்றாள். நான் சும்மா இருந்தேன். அவள் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கட்டர் வாங்கிக்கொண்டு எஞ்சினுக்கு மேல் குனிந்தாள். நான் அவள் முழங்கையை ஒட்டி நின்றேன். துணி டேப் பிரிந்தது, உள்டேப் பிரிந்தது. வெள்ளி நிறத்தில், கொஞ்சம்கூடப் பிசகாமல், என் நாலுகால் பின்னல். அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. மாமா எட்டிப் பார்ப்பதற்குள் பின்னலை நறுக்கென்று வெட்டி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"கட்டித்தான்டா வச்சிருக்கேன். ரெண்டு பக்கமும். என் தப்புதான்."

அதற்குப் பிறகு எஞ்சின் ஏழாயிரம் வரை ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறியது. யாரும் சிரிக்கவில்லை. தவுக்கே லேப்டாப்பை மூடினார். "தக் போலே லா, அக்கா", முடியாது என்றார். வேலை சுத்தம்தான், ஆனால் வீட்டில் வைத்துச் செய்வது மட்டும் முடியாது, பட்டறைக்கு வந்து தன் கண் முன்னால் செய்வதென்றால் சம்மதம் என்றார். அம்மா தலையாட்டினாள். வேலை கிடைத்துவிட்டது, என்னையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மாதத்திலிருந்து அம்மா பெக்டரி பஸ்ஸுக்குப் பதிலாக மாமாவின் காரில் ஏறினாள். வாரம் ஆறு நாள். நான் பழையபடி ஆன்டி வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"வீட்லயே செய்யறேன்னுதானம்மா சொன்ன?" என்று தினமும் காலையில் கேட்டு அவள் உயிரை வாங்கினேன்.

"தவுக்கே விட மாட்டேங்கறாரு, கண்ணு."

அந்தத் தவுக்கேயை நான் மனதாரத் திட்டினேன். வாக்குத் தவறியதற்காக அம்மாவிடமும் ஒரு வாரம் பேசவில்லை. பேசாத அந்த நாட்களிலும் அவள் விடியற்காலையில் என்னை முன்னால் உட்கார வைத்து, தலைமுடியை நாலாகப் பிரித்துப் பின்னிவிட்டுத்தான் கிளம்பினாள். வயரில் நான் போட்ட பின்னலை அந்தக் கைக்கு அடையாளம் தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தோன்றவில்லை.