செல்வராணி படித்த முப்பத்தேழு புத்தகங்கள்

செல்வராணிக்குக் கணினியைக் கண்டாலே ஆகாது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. சுத்தப் பொய். அவளுக்கு ஆகாதவர்கள் அதை வாங்கிப் போட்டவர்கள்தான்.

வங்காளத் தலைநகரின் சால்ட் லேக் பகுதியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தலைமை அலுவலகம். இரண்டாவது மாடியில், ஒன்பதாயிரம் புத்தகங்களோடு ஊழியர் நூலகம். 1991-இல் அங்கே நூலகராகச் சேர்ந்தாள். பிறந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஃபிட்டர். நூலகவியல் படித்தது ஜாதவ்பூரில். கல்யாணமாகி லேக் கார்டன்ஸில் குடித்தனம். கணவன் சண்முகத்துக்கு லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பித்தூளும் விற்கிற கடை. இரண்டு பையன்கள். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். ஊரைக் கூட்டிச் சொல்லும்படி அவள் வாழ்க்கையில் ஒன்றும் கிடையாது, ஒரு பென்சிலையும் ரப்பரையும் தவிர.

அந்தப் பென்சில் வந்த கதை இது. சேர்ந்த முதல் வருஷம், கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர் காசநோய் பற்றிய புத்தகம் எடுத்தார். எடுத்தவர் பெயரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சீட்டில் மையால் எழுதுவது வழக்கம். அடுத்து எடுத்தவர் அந்தப் பெயரைப் படித்தார், படித்ததோடு நிற்கவில்லை. ஒரே வாரத்தில் கேண்டீனில் குமாஸ்தாவுக்குப் பக்கத்து நாற்காலி காலி. பாவம், அவர் புத்தகம் எடுத்தது அம்மாவுக்காக. செய்தி காதுக்கு வந்த அன்றே செல்வராணி பேனாவை மூடி உள்ளே போட்டாள். அதன்பின் பெயர் எழுதுவது பென்சிலில். புத்தகம் திரும்பி வந்ததும், கொண்டுவந்தவர் கண்ணெதிரே ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, "ஆச்சு. நீங்க படிச்சது இனி உங்களோட" என்று வங்காளியில் சொல்வாள். முதலில் சிரித்தார்கள். வங்காளி ஊழியர்கள் ரப்பர்-தி, அதாவது ரப்பர் அக்கா, என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் அதற்கப்புறம்தான் மனிதர்கள் கூச்சமில்லாமல் புத்தகம் கேட்க ஆரம்பித்தார்கள். குடியை விடுவது எப்படி, மனச்சோர்வு, குழந்தையின்மை, தனியார் கம்பெனி நேர்முகத் தேர்வு. வீட்டில் சொல்ல முடியாததை அவள் மேஜையில் வந்து கேட்டார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் உறுப்பினர் அட்டை கிடையாது. நூலகத்தைப் பெருக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதிலிருந்து ஒரு புத்தகம் எடுக்க இல்லை. யாருடைய மூளையில் உதித்த விதியோ தெரியவில்லை. செல்வராணி அவர்களுக்குத் தன் பெயரிலேயே புத்தகம் கொடுத்தாள். பென்சில்தானே, வந்ததும் அழித்துவிடலாம்.

2003-இல் கணினி வந்தது. கூடவே செக்டார் ஃபைவ் மென்பொருள் கம்பெனி ஒன்றிலிருந்து தினேஷ்குமார் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அரை மணி நேரம் விளக்கினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புத்தகம் திரும்பி வந்தா பேரு போயிருமா தம்பி?"

"எங்கீங்க மேடம் போகும்? யாரு, என்ன புக்கு, எந்தத் தேதி, எல்லாம் உள்ளயே இருக்குமுங்க. பத்து வருஷம் கழிச்சும் எடுக்கலாம்."

"அழிக்க வழி?"

"எதுக்குங்க அழிக்கோணும்? தப்புப் பண்ணுனவங்கதானுங்களே பயப்படணும்."

"நீ பாத்ரூம் கதவைச் சாத்திட்டுத்தானே போறே? உள்ளே போயி என்ன தப்புப் பண்ணுதே?"

தினேஷ்குமார் சிரித்துவிட்டான். அந்த வசதி இந்த மென்பொருளில் இல்லை, மேலிடம் எழுதிக் கேட்டால் செய்து தரலாம் என்றான். செல்வராணி எழுதினாள். முதல் கடிதத்துக்கு, குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, தணிக்கைக்கு விவரம் தேவை என்று வந்தது. மூன்றாவதைப் படித்த புண்ணியவான் யாரோ, இந்த அம்மாவுக்குக் கணினி பயம் என்று முடிவு கட்டி மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். அங்கே மவுஸ் பழகுவதற்காக அவளைச் சீட்டு விளையாடச் சொன்னார்கள். விளையாடினாள். மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சண்முகத்தின் மடியில் விட்டெறிந்தாள்.

"எழவு, நான் என்ன கேட்டேன், இவனுக என்ன குடுக்கானுவ பாருங்க."

"நம்ம கடையிலகூட யாரு எத்தனை கட்டு அப்பளம் வாங்குனாங்கன்னு இன்னொருத்தர்ட்ட சொல்ல மாட்டோமே" என்றான் அவன். உலகத்தில் இந்த ஒரு மனுஷனுக்குத்தான் விஷயம் புரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

போதாக்குறைக்குக் கீழே வாசலில் காவலாளி வேறு. கணினி அச்சடித்த சீட்டு இல்லாமல் ஒரு புத்தகம் வெளியே போக முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர்களை என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பழையபடி தன் பெயரிலேயே கொடுத்தாள். அழியாவிட்டால் என்ன, தன் பெயர்தானே இருக்கப் போகிறது. யார் தலையும் உருளாது என்று கணக்குப் போட்டாள். படித்தவளுக்கு அந்த இடத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

மகேஸ்வரி வந்தது அடுத்த ஜனவரியில். டேட்டா என்ட்ரி செய்கிற ஒப்பந்தப் பெண், அவளும் கரக்பூர்க்காரி. ஆட்கள் இருந்தால் 'தீதி', தனியாக இருந்தால் 'அக்கா'. அன்று அலமாரி இடுக்கில் நின்று மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, நம்ம ஷிப்ரா உண்டானதும் நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டான் காண்ட்ராக்டர். அப்படிச் செய்யலாமா? சட்டத்துல என்ன இருக்கு?"

"ஷிப்ராவுக்காகவா கேக்கே?"

மகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் ரெண்டு மாசம்க்கா. அவர் வேலைய விட்டு ஆறு மாசமாச்சு. இந்த வேலையும் போச்சுன்னா அவ்வளவுதான்."

பெண் தொழிலாளர் சட்டம் பற்றிய புத்தகத்தைச் செல்வராணி தன் பெயரில் பதிந்து கொடுத்தாள். மகேஸ்வரி அதை இரண்டு தடவை கொண்டுபோய்ப் படித்தாள். மார்ச்சில் தொழிலாளர் துறைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. ஒப்பந்தப் பெண்ணுக்கும் பிரசவ விடுப்பு உண்டு, கர்ப்பத்தைக் காட்டி நீக்கக் கூடாது என்று பிரிவு எண்களோடு சுத்தமாக எழுதியிருந்தது. ஆய்வாளர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஊழியர் நிர்வாகத்தைப் பார்க்கும் பர்சனல் மேலாளர் பட்டாபிராமன் செல்வராணிக்குத் தொலைபேசி செய்தார். பூஜை விடுமுறைக்கு முன்னால் அவள் கணவன் கடையில் காப்பித்தூள் வாங்கும் மனிதர், மரியாதையானவர்.

"செல்வராணி, ஒரு சின்ன லிஸ்ட் வேணுமே. தொழிலாளர் சட்டப் புஸ்தகமெல்லாம் இந்த வருஷம் யார் யார் எடுத்திருக்கான்னு."

"அது குடுக்க முடியாது சார்."

"ஏன், கம்ப்யூட்டர் ஓடலையா?"

"நல்லா ஓடுது சார். நான்தான் எடுக்க மாட்டேன்."

அவர் கோபிக்கவில்லை. தினேஷ்குமாருக்கு ஒரு போன் போட்டார். ஐந்து நிமிஷ வேலை. "உங்களுக்குச் சிரமம் வேண்டாமுன்னு நானே எடுத்துக் குடுத்துட்டனுங்க மேடம்" என்று அவன் சிரித்த முகத்தோடு வந்து சொன்னபோது அவளுக்கு அவனை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்திக் காத்ததை ஒருவன் உதவி என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

மூன்று மணிக்குப் பட்டாபிராமன் அறைக்குக் கூப்பிட்டார். சட்டப் புத்தகம் எடுத்தவர் பட்டியலில் ஒரே பெயர்தான் வந்திருந்தது. அதனால் அந்தப் பெயர் எடுத்த மொத்தத்தையும் வரவழைத்திருந்தார். முப்பத்தேழு புத்தகங்கள்.

"உக்காருங்கோ. டிரைவிங் எப்போ கத்துண்டேள்?"

"கத்துக்கணும்னு ஆசை சார்."

"சர்க்கரை வியாதிக்காரர் சமையல். உங்களுக்கு சுகரா?"

"வந்துருமோன்னு பயம்."

"வங்காளி அரிச்சுவடி! நீங்க பெங்காலில சண்டையே போடுவேளே."

"அடிப்படை வீக் சார்."

வாய் பதில் சொன்னதே தவிர, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முகம் அவள் முன்னால் வந்து நின்றது. டிரைவராக ஆசைப்பட்ட தோட்டக்காரர். கேண்டீன் சமையற்காரர். பிகாரிலிருந்து வந்த துப்புரவுப் பெண். தன் பெயருக்குப் பின்னால் பத்திரமாக ஒளித்துவைத்ததாக அவள் நினைத்தவர்கள் எல்லாரும் ஒரே தாளில் வரிசையாக நின்றார்கள். பெயர் இருந்தால்தானா? எடுத்த புத்தகமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது ஒரு நூலகருக்கே தெரியாமல் போனதே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"பெண் தொழிலாளர் சட்டம், ரெண்டு தடவை. உங்க பெரியவன் பத்தாவது படிக்கறான். இப்போ உங்களுக்குப் பிரசவ லீவைப் பத்தி என்ன கவலை?" தாளை மடித்தார். "யாருக்குக் குடுத்தேள்? அந்த ஒரு பேரை மட்டும் சொல்லுங்கோ. மத்ததை நான் பார்க்கவேயில்லை."

"முப்பத்தேழும் நான் படிச்சதுதான் சார்."

"அப்போ மொட்டைக் கடுதாசியும் நீங்க எழுதினதுன்னு எடுத்துக்கலாமா?"

இல்லை என்றால் அவர் மேலே தேடுவார். ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்கள் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருத்தி தினமும் காலையில் வாந்தி எடுக்கிறாள்.

"எடுத்துக்கோங்க சார்" என்றாள்.

மெமோ வந்தது. ஒரு வருஷ இன்க்ரிமென்ட் நின்றது. சட்டப் புத்தகங்களைப் பூட்டிச் சாவியை வாரக் கடைசிக்குள் பர்சனல் பிரிவில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அதையெல்லாம் செல்வராணி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. பட்டியல் எடுக்கலாம் என்ற செய்தி மாடி மாடியாகப் பரவிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. நிரந்தர ஊழியர்களும் நாவல், கோலப் புத்தகம் என்று எடுத்துப் போனார்கள். மனச்சோர்வு பற்றிய புத்தகத்தை எடுத்த அதிகாரி ஒருவர் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, தவறுதலாக எடுத்துவிட்டேன் என்று கேட்காமலே சொன்னார். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒரு தாளை அச்சடித்தார்கள், அவ்வளவுதான்.

சாவி கொடுக்க வேண்டிய நாளன்று பெண்கள் கழிப்பறையில் மகேஸ்வரியைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. இருந்தும் அவள், "தீதி, நான் எழுதி வச்சிருந்த குறிப்பெல்லாம் பயத்துல கிழிச்சுப் போட்டுட்டேன். லீவு கேக்குறப்ப எந்தப் பிரிவுன்னு சொல்லுவேன்?" என்றாள். தனியாக இருக்கும்போதும் 'தீதி' என்றது செல்வராணிக்குச் சுருக்கென்றது.

மேஜைக்குத் திரும்பினாள். எடைக்குப் போடக் கட்டிவைத்திருந்த பழைய நூற்பட்டியல் அட்டைகளில் எட்டை உருவினாள். அந்தப் புத்தகத்தைத் திறந்து, அவற்றின் பின்பக்கத்தில் தேவையான பிரிவுகளைப் பென்சிலால் வரி விடாமல் எழுதினாள். விண்ணப்பம் எப்படித் தொடங்க வேண்டும் என்பதையும் எழுதினாள். பிறகுதான் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் அதே கழிப்பறையில் அட்டைகளையும் ஒரு ரப்பரையும் மகேஸ்வரியின் கையில் திணித்தாள். ஒன்பதாயிரம் புத்தகத்துக்குப் பொறுப்பான நூலகர், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று புத்தகம் வழங்க வேண்டியிருக்கிறது.

ஜூனில் மகேஸ்வரி பிரிவு எண்களோடு விண்ணப்பம் கொடுத்தாள். ஒப்பந்தக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆய்வாளர் ஏற்கெனவே வந்து போன பயம் இருந்தது. வேலையும் தங்கியது, விடுப்பும் கிடைத்தது. யார் கடுதாசி எழுதியது என்று பட்டாபிராமனுக்கு அப்போது புரிந்திருக்கும். புரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலைமை.

விடுப்புக்கு முந்தின நாள் மகேஸ்வரி நூலகத்துக்கு வந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். கணினி இருந்த பக்கம் போகாமல் மேஜையின் இந்தப் பக்கமாக வந்து, ஒரு பழைய வார இதழைத் திருப்பிக் கொடுப்பதுபோல் வைத்தாள். உள்ளே எட்டு அட்டைகள் இருந்தன. எல்லாவற்றையும் அழித்திருந்தாள். ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை. ஒன்றில் மட்டும் அழுத்தித் தேய்த்ததில் ஓரம் கிழிந்திருந்தது.

அவளுக்கு வேலை தங்கியது செல்வராணிக்குச் சந்தோஷம்தான். அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. தனக்கு உரிமையான சட்டத்தை ஒரு பெண் திருடியைப்போல ஒளித்துப் படித்து, தடயத்தை அழித்து, திருப்பிக் கொடுக்கிறாள். இதைக் கற்றுக்கொடுத்ததும் தான்தான்.

அட்டைகளில் ஒட்டியிருந்த ரப்பர் தூளை வழக்கம்போல ஊதினாள். ஊதியபின் எப்போதும் சொல்வதைச் சொல்லாமல் அட்டைகளை அடுக்கினாள். மகேஸ்வரிதான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆச்சுக்கா."