இருந்தபடியே போட்ட ஓட்டு

லிந்தால்வா அரசியலுக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய தொண்டை. எங்கள் உம்புக்குட்டைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்ததே இரண்டு அறை. ஒன்றில் அவள், மற்றதில் நான். அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் என் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பார்கள், அப்படி ஒரு குரல். சம்பளம் வராமல் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சந்தையில் ஒரு மரவள்ளிக்கிழங்கு வண்டிமேல் ஏறி நின்று, வீட்டுப்பாடம் எழுதாத பையனைத் திட்டுவதுபோல் மேயரைத் திட்டினாள். சந்தையே கைகொட்டிச் சிரித்தது. அடுத்த தேர்தலில் 'லிந்தால்வா டீச்சர்' என்ற பெயரிலேயே நின்று நகரசபைக்குப் போய்விட்டாள்.

அன்று முதல் விடிந்தால் அவள் வாசலில் கூட்டம். ஒருவருக்குப் பல்செட் வேண்டும், இன்னொருவருக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும்.

"சட்டம் போடத்தானே அனுப்புனாங்க? பல்லுக்கு எதுக்குடி எங்கிட்ட வர்றாங்க?" என்று என்னிடம் குழம்புவாள். குழம்பிக்கொண்டே பல்லுக்கும் ஏற்பாடு செய்வாள். அந்தப் பல்செட்டுகள்தான் அவளை மாநிலச் சட்டசபைவரை கொண்டுபோய் விட்டன என்பது என் அபிப்பிராயம்.

போன கையோடு அங்கே ஒரு மசோதா வந்தது. பிள்ளைகள் குறைவாக இருக்கும் கிராமப் பள்ளிகளை மூடிவிட்டு, பிள்ளைகளை பஸ்ஸில் டவுனுக்கு அனுப்புவதாம். மூடப்போகிற பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. "நான் இருக்கிறவரைக்கும் இந்தக் கதவைப் பூட்ட விடமாட்டேன்" என்று ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் தலைநகருக்குப் போனாள். எனக்கு இருந்த ஒரே பிழைப்பும் அந்தப் பள்ளிதான்.

எங்கள் நகரசபையில் தலைவர் வால்ஃப்ரிடோ, மாட்டுத் தரகர், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுக் கேட்பார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், வேறு வழியில்லை. தலைநகரில் அப்படி இல்லை. "ஒப்புக்கொள்கிறவர்கள் இருந்தபடியே இருக்கலாம்" என்று தலைவர் ஒரே மூச்சில் சொன்னார். சுத்தியல் தட்டினார். அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டார்.

லிந்தால்வா பக்கத்து இருக்கைப் பெரியவரைக் கேட்டாளாம். "ஓட்டெடுப்பு எப்பங்க ஐயா?"

"முடிஞ்சாச்சே டீச்சர்."

"நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"அதுதான் ஓட்டு. மசோதாவுக்கு ஆதரவு."

எழுந்து கத்தினாள். ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்வதாகத் தலைவர் சிரித்த முகத்தோடு சொன்னார். முடிவு மாறவில்லை.

சனிக்கிழமை என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

"வேணாம்னா கையைத் தூக்கணும்னுகூடத் தெரியாமலா அங்க போய் உக்காந்த?"

"வேணுங்கிறவங்கதானே, ஒதீலியா, கையைத் தூக்குவாங்க? நம்ம கிளாஸ்ல அப்படித்தானே? சும்மா உக்காந்திருக்கிறது எந்த ஊர்லடி ஓட்டு?"

எழுந்து காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். ஊராரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவுசெய்தோம். மறுநாள் பூசை முடிந்ததும் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜோசெனில்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான்கு பிள்ளைகளைப் பெற்று, தனியாக வளர்ப்பவள்.

"டீச்சரம்மா, பஸ் வருதாமே! இங்க அஞ்சாவதுக்கு மேல கிளாஸ் இல்லாம என் பெரியவ நின்னுட்டா. சின்னவளாச்சும் இனி மேல படிப்பா. நீங்க இல்லேன்னா எங்களுக்கு இதெல்லாம் யாரு செய்வா?"

லிந்தால்வா என்னைப் பார்த்தாள். சொல்லடி, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"உங்களுக்காகத்தான் செஞ்சேன் ஜோசெனில்டா."

கூட்டம் கைதட்டியது. அவள் செய்த சத்தியத்தை மறக்காத இரண்டு கிழவர்கள் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

அவள் என் கையைப் பிடித்தாள். "ஒதீலியா, நான் இப்ப சொன்னது பொய்யாடி?"

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் ஜோசெனில்டாவின் சின்னவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். லிந்தால்வா இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியலடி" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.