பூட்டிய ஒழுங்கை

நூலகத்தின் இரும்புக் கதவைத் தள்ளிய கையில் துருக்கறள் மணக்க, என் நகரமைப்புப் படிப்புக்காக மேசையில் விரிந்த சீன நகர வரைபடத்தில் மதில் சூழ்ந்த புதுக் குடியிருப்புகளுக்குக் குறுக்கே நடக்க ஒரு பாதையும் இல்லையே என்று பார்த்த கணத்தில்தான், லண்டன் மனோர் பார்க்கில் சிறுவயதில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் குப்பைத்தொட்டிகளை உரசிக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை ஓடிய, அம்மா ஒழுங்கை என்று அழைத்த சந்து நினைவுக்கு வந்தது. இன்னொரு நாள் பிந்தினால் அம்மாவின் வேலை போய்விடும் என்றிருந்த காலையில், அந்த ஒழுங்கைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

“சுத்திப் போவம், அம்மா.”

“சுத்தினா பஸ் நிக்குமே? கள்ளர் வராமப் பூட்டினவையாம். இப்ப நாங்கள்தான் கள்ளர். ஏறு.”

கம்பி கிறீச்சிட இருவரும் அந்தப் பக்கம் குதித்து ஓடி, கதவு மூடும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம்.

நாளை அந்த வரைபடத்தில் சீன மதில்களுக்குக் குறுக்கே பென்சிலால் ஒழுங்கைகள் கீறிப் பார்க்கப் போகிறேன். முதலாவது ஒழுங்கை ஒரு பஸ் தரிப்பிடத்தில் போய் முடியும்.